வாரண்டிக்குப் போன பைனாகுலர்

ஈப்போ கடையில் பைனாகுலரை ஒப்படைத்த அன்று அங்கே இருந்தவர்கள் நான், அப்பா, அக்காவின் கணவர். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெண். இல்லாதவர் கடை முதலாளி. அம்மாவும் வரவில்லை. “குருவி பாக்கிற கண்ணாடிக்கு மூணு ஆம்பளைங்க கெளம்பிப் போறீங்க. நான் வேற எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

முதலாளி இல்லாததே அப்பாவுக்கு முதல் கெட்ட அறிகுறியாகப் பட்டது. “தவுக்கே இல்லாத கடையில சாமான் கொடுத்தா நாளைக்கி யாருகிட்டப் போய்க் கேக்கிறது?” என்று என் காதில் சொன்னார். காதில் சொன்னதாக அவருக்கு நினைப்பு. பல வருஷம் லோரி ஓட்டிக் காது மந்தமான மனிதர். கடை முழுக்கக் கேட்டது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தவுக்கே என்ற சொல் போதுமாக இருந்தது. முதலாளி பினாங்குக்குப் போயிருக்கிறார் என்று மலாயில் சொன்னார். அப்பா என்னைப் பார்த்து தலையை ஓர் அசைப்பு அசைத்தார். ‘பாத்தியா’ என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பைனாகுலர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரைக்கும் போனவன் நான் மட்டும்தான். காம்பாரில் உயிரியல் படித்தேன். படித்து முடித்துத் தண்ணீர் சோதிக்கும் ஒரு கூடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. சனி, ஞாயிறுகளில் பறவை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களைப் பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளுக்கும் தைப்பிங் மலைக்கும் கூட்டிப்போவேன். அப்படி வந்தவர்களில் வயதான ஓர் அம்மையார், இதைத் தூக்கிக்கொண்டு மலையேற இனித் தன் கழுத்து தாங்காது என்று, ஊருக்குக் கிளம்பும் நாளில் தன் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டார். பெட்டி, வாரண்டி அட்டை, வாங்கிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தார்.

வீட்டில் அதற்கு மலாய்ப் பெயர்தான், தெரோப்போங். முதல் நாள் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதை ஒரு கையில் தூக்கி எதிர் வீட்டு மாமரத்தைப் பார்த்துக்கொண்டே மறு கையால் கைப்பேசியில் விலையைத் தேடினார். விலை வந்ததும் பைனாகுலரை மெல்ல சோபாவில் வைத்தார். பக்கத்தில் இருந்த தே தாரிக் தேநீர்க் குவளையை எடுத்துத் தூரமாக வைத்தார். “மச்சான், இத வித்தா வாசல்ல நிக்கிற கார மாதிரி ரெண்டு கார் வாங்கலாம் லா” என்றார்.

விற்கவில்லை. அதைக் கழுத்தில் மாட்டிய பிறகு என்னை நம்பி வருகிறவர்கள் கூடினார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு சுற்றுலா நிறுவனம் பேசியது. வலசைப் பறவைகள் வரும் பருவத்தில் ஒரு வெளிநாட்டுக் குழு வருகிறது, உள்ளூர் வழிகாட்டி வேண்டும், சரியாக அமைந்தால் ஒவ்வொரு பருவமும் வேலை உண்டு என்றார்கள். தொலைபேசியில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி நான் என்ன படித்தேன் என்பதல்ல; என்ன பைனாகுலர் வைத்திருக்கிறேன் என்பது. பெயரைச் சொன்னேன். குரல் மாறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தைப்பிங்கில் அந்த மழை. மழை புதிதல்ல, தைப்பிங்கில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி. ஆனால் அன்று வலது குழலுக்கு உள்ளே மூச்சு விட்ட மாதிரி ஒரு படலம் பிடித்தது. வெளியே துடைத்தேன், போகவில்லை. வெயிலில் வைத்தேன், கொஞ்சம் விலகி மறுபடி வந்தது. உள்ளே ஈரம் புகாமல் ஒரு வாயுவை அடைத்து, காற்றுப் போகாமல் முத்திரையிட்ட கருவி அது. ஈரம் புகுந்தால் கம்பெனி இலவசமாகச் சரிசெய்து தரும் என்று வாரண்டி அட்டையில் அச்சடித்திருந்தது. இலவசமாக என்ற வார்த்தையைப் படித்துக் காட்டியபோது அப்பா சிரித்தார். “எலவசமா எவன் தருவான்? உள்ள இருக்கிற நல்ல கண்ணாடிய எடுத்துக்கிட்டு மட்டமான சியாம் கண்ணாடிய மாட்டிக் கொடுப்பான். உனக்குத் தெரியவா போவுது?”

அப்பாவின் சந்தேகம் இன்று நேற்றுப் பிடித்ததல்ல. தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில், பால் நிறுக்கும் இடத்தில் வாளி மாறிவிடுமாம். ஒருவன் தண்ணீர் கலந்த வாளியை வைத்துவிட்டு இன்னொருவனுடைய கெட்டிப் பால் வாளியைத் தூக்கிப் போய்விடுவான். அதனால் ஒவ்வொருவரும் தன் வாளியில் ஓர் அடையாளம் கீறி வைத்திருப்பார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் டவுனுக்கு வந்த பிறகும் அப்பா கீறுவதை நிறுத்தவில்லை. ஒருமுறை மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விட்டு எடுத்தபோது கார்பரேட்டரை மாற்றிவிட்டார்கள் என்று அவர் முடிவுக்கு வந்த நாளிலிருந்து, ரிப்பேருக்குப் போகும் எந்தச் சாமானும் கத்திக் கீறல் வாங்காமல் வாசல் தாண்டாது. எங்கள் வீட்டு மின்விசிறி, மிக்சி, சோறாக்கும் பானை எல்லாவற்றின் அடியிலும் ஒரு பெருக்கல் குறி இருக்கும்.

பைனாகுலர் விஷயத்தில் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். “அப்பா, இதுல ஒரு கீறல்கூடப் போடக்கூடாது. கீறினா வாரண்டி போயிடும்.”

“நான் ஏன்யா கீறப் போறேன்?” என்றார்.

ஒப்படைப்பதற்கு முன்னால் கடை வாசலில் நின்று நானே நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை.

கடைக்குள்ளே சந்தேகம் மறுபக்கத்திலிருந்தும் வந்தது. அந்தப் பெண் ரசீதை எடுத்துப் பெயரைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் லோரி கம்பெனி சட்டையைப் பார்த்தார்.

“இது உங்களுடையதா?”

“ஆமாம். பரிசாகக் கிடைத்தது.”

“இவ்வளவு விலையுள்ளதைப் பரிசாகவா? யார் கொடுத்தது?”

ரசீதில் இருக்கும் அம்மையார்தான் என்றேன். அவர் அனுப்பியிருந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் காட்டினேன். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, என் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டார்.

“மச்சான், அந்தப் பொண்ணு உன்னத் திருடன்னு நெனைக்குது லா” என்றார் மாமா தமிழில், முகத்தில் சிரிப்பு மாறாமல்.

“நாமளும் அவங்கள அப்படித்தானே நெனைச்சுக்கிட்டு நிக்கிறோம். விடுங்க மாமா.”

“அது வேற” என்றார் அப்பா.

பைனாகுலர் கோலாலம்பூரில் உள்ள ஏஜண்டுக்குப் போகும், அவர்கள் திறந்து பார்த்துச் சொல்வார்கள் என்றார் அந்தப் பெண். இதற்கு முன் யாராவது திறந்தார்களா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதை யாரும் தொடக்கூட இல்லை என்று நெஞ்சில் கை வைக்காத குறையாகச் சொன்னேன். அப்பா சுவரில் மாட்டியிருந்த கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காத்திருப்பு. நான் மின்னஞ்சல் அனுப்புவேன். பரிசோதனையில் இருக்கிறது என்று ஒரு வரி பதில் வரும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் வாரம் முழுக்க யோசிப்பேன். பரிசோதிக்க இவ்வளவு நாளா? என் பைனாகுலர் இப்போது யார் கழுத்தில் தொங்குகிறது? அப்பாவின் சந்தேகங்களைப் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கியவன்தான் நான். ஆனால் அதே சந்தேகம் ஆங்கிலத்தில் எழுதும்போது நியாயமாகத் தெரிந்தது. குழு வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சுற்றுலா நிறுவனத்துக்காரர் பேசும்போதெல்லாம் எல்லாம் தயார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பதில் வந்தது. கருவியை ஏற்கெனவே வெளியாள் யாரோ திறந்திருக்கிறார்கள். ஆகவே வாரண்டி செல்லாது. பழுது பார்க்க வேண்டுமானால் கட்டணம் உண்டு.

அப்பா சொன்னது அப்படியே நடக்கிறது என்று தோன்றியது. திறந்தவர்கள் அவர்கள், கெடுத்தவர்கள் அவர்கள், பழி நம்மேல். மாமாவுக்குத் தொலைபேசினேன். அவர் ஒரு பேரங்காடியின் மூலையில் கைப்பேசி ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை வைத்திருப்பவர். கருவி விஷயத்தில் பேசத் தெரிந்தவர். “மாமா, கடைக்கு வாங்க. இன்னைக்கி ஒரு கை பாத்துடலாம்” என்றேன். “இன்னைக்கேவா மச்சான்?” என்றார். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் அன்று வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். நான் நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். பயனீட்டாளர் உரிமை பற்றி வரும் வழியில் படித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்றேன். அந்தப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினார். ஏஜண்டு அனுப்பிய படங்கள். ரப்பர் உறையை உரித்திருந்த குழல். சின்னச் சின்னத் திருகாணிகள். ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த படத்தில் குழலின் உட்சுவர். அங்கேயும் ஒரு சிவப்புப் புள்ளி.

எனக்கு எல்லாம் வெட்டவெளிச்சமான மாதிரி இருந்தது.

“இது என்னுடையது இல்லை!” என்றேன். “மாற்றிவிட்டீர்கள். என்னுடையதில் சிவப்புப் புள்ளியே கிடையாது!”

“தொடர் எண் உங்களுடையதுதான்.”

“எண்ணை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்!”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. “நாங்கள் இந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் கடை நடத்துகிறோம்” என்றார் மெதுவாக. நான் மாமாவின் பக்கம் திரும்பினேன். “சொல்லுங்க மாமா, நீங்கதான் அத மொதல் நாளே கையில வாங்கிப் பாத்தீங்களே. இதுல செவப்புப் புள்ளி இருந்துச்சா?”

மாமா படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். எவ்வளவு நேரம்தான் ஒருவர் ஒரு புள்ளியைப் பார்க்க முடியும்? “கார் பார்க்கிங் நேரம் முடியப் போவுது மச்சான். வெளிய போய்ப் பேசலாம்” என்றார்.

காரில் ஏறிச் சாவியைப் போட்டார். திருகவில்லை.

“மச்சான், கோவப்படாத.”

“அவங்க மேலதான் கோவம்.”

“இல்ல. அந்தப் புள்ளி... அது உங்க அக்காவோட நகப்பூச்சு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா எப்போது ஏஜண்டு கடைக்குப் போனாள் என்றுகூட ஒரு கணம் ஓடியது. மாமா ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினார். ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா பைனாகுலரைப் பெட்டியோடு மாமாவின் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். வெளியே கீறக்கூடாது என்று மகன் சொல்லிவிட்டான், உள்ளே ஓர் அடையாளம் வைத்துக் கொடு என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே மாமா?”

“மாமனார் கேட்டா எப்படி லா முடியாதுங்கிறது? நான் நெனைச்சேன், ஹேண்ட்போன் மாதிரிதான். ஒறையச் சூடு காட்டி உரிச்சேன், தொறந்தேன், புள்ளி வெச்சேன், மூடிட்டேன். வெளிய ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் ஒட்டினேன்.”

“மொதல் நாள் அந்தப் பொண்ணு தொறந்தீங்களான்னு கேட்டுச்சே. அப்பவாவது...”

“உங்கப்பா என் கால மிதிச்சிக்கிட்டு நின்னாரு.”

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா காரிலிருந்து இறங்காமலே தன் மாமனாரிடம், “மாமா, தம்பிக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார்.

நான் கைப்பேசியில் எடுத்து வந்த படத்தை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன். திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

“அப்போ அது நம்மளுதுதான்! மாத்தல!”

“அப்பா, நீங்க தொறந்ததாலதான் வாரண்டி போச்சு.”

“நீ கீறக்கூடாதுன்னுதானே சொன்ன? நான் கீறலையே.”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளிருந்து, “கீறியிருந்தாலும் தேவலாம்” என்றார்.

மாமா ஒரு யோசனை சொன்னார். யார் திறந்தது என்று அவர்களால் நிரூபிக்க முடியாது. அந்த அம்மையாரே திறந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டால் ஆச்சு. தீர்ப்பாயம், கடிதம் என்று இழுத்தால் பெரிய கம்பெனி பேர் கெடுமென்று பயந்து சும்மாவே செய்து கொடுத்துவிடும். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று சாயங்காலம் முழுக்க அதைத்தான் மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தன் கழுத்திலிருந்து கழற்றி எனக்கு மாட்டிய அந்த அம்மையாரின் மேல் பழியைப் போடும் வரி எப்படி எழுதினாலும் வரவில்லை. போதாக்குறைக்கு, வழக்கு முடியும் வரை பைனாகுலர் கோலாலம்பூரிலேயே கிடக்கும். குழு வரும்போது நான் வெறுங்கண்ணோடு நிற்பேன்.

அடுத்த நாள் தனியாகப் போனேன். கடையில் கூட்டமில்லை. அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். நேற்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எதற்காகப் புள்ளி வைத்தார்?”

“நீங்கள் மாற்றிவிடுவீர்கள் என்று.”

“உங்களுக்கு இது முதலிலேயே தெரியாதா?”

“நேற்றுதான் தெரியும்.”

“ஓ” என்றார். நேற்றுதான் தெரியும் என்றதை மட்டும் அவர் நம்பவில்லை என்பது அந்த ஓசையில் தெரிந்தது. நம்ப வைக்க எனக்கு வழியும் இல்லை. கட்டணம் கட்டிச் செய்கிறோம், குழு வருவதற்குள் வேண்டும் என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நன்றியோடு வெளியே வந்தேன். வந்ததும், அவசரம் என்று சொன்னது தப்போ, அதைக் கேட்டுக் கட்டணத்தை ஏற்றிவிடுவார்களோ என்று தோன்றியது.

பைனாகுலர் வந்துவிட்டது என்று கடையிலிருந்து செய்தி வந்தபோது, குழு வர ஒரு வாரம்கூட இல்லை. அப்பாவும் வருவேன் என்று நின்றார். காசு கொடுக்கப்போவது அவர் என்பதால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இந்த முறை முதலாளி இருந்தார். தலை நரைத்த, அவசரப்படாத மனிதர். அப்பா தவுக்கேயைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தப் பெண் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அப்பா பைனாகுலரைத் தொடவில்லை. குனிந்து உறையின் ஓரத்தைப் பார்த்தார். “புள்ளி இருக்கான்னு கேளு.”

“அப்பா, வேண்டாம்.”

அவரே மலாயில் கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்துதான் மறுபடி அடைத்தார்கள் என்றார் முதலாளி. “ஒன்றுகூட மிச்சமில்லை, அங்கிள். புதுசு மாதிரி” என்று அந்தப் பெண் சேர்த்துக்கொண்டார். அவர் அதைப் பெருமையாகச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். “எல்லாத்தையும் தொடச்சிட்டா, இது நம்மளுதுன்னு எப்படிய்யா நம்புறது?”

தொடர் எண்ணைக் காட்டினேன். “நம்பர எவன் வேணும்னாலும் அடிக்கலாம்னு நீதானே சொன்னியாம். உன் மாமா சொன்னாரு” என்றார்.

நான் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்கு வந்தேன். எதிர்க்கடைகளுக்கு மேலே மின்கம்பியில் வடக்கிலிருந்து வந்த தகைவிலான் குருவிகள் உட்கார்ந்திருந்தன. இரண்டு குழல்களும் துல்லியமாக இருந்தன. ஒரு குருவி இறக்கையைக் கோதும்போது அதன் தொண்டையின் செம்பழுப்புகூடத் தெரிந்தது. அடுத்த வாரம் நான் யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை.

அப்பா கையை நீட்டினார். அதுவரை அவர் ஒருமுறைகூட அதில் பார்த்ததில்லை. வாங்கிக் கண்ணில் வைத்து, பறவைகளை விட்டுவிட்டுச் சாலை முனைக்குத் திருப்பினார். அங்கே சிக்னலில் ஒரு லோரி நின்றுகொண்டிருந்தது. அதன் நம்பரை ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். பிறகு லோரிக்காரர் பல் குத்திக்கொண்டிருக்கிறார் என்றார். நீண்ட நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் தெரியுது” என்று பைனாகுலரைக் கீழே இறக்கினார். “மொதல்ல இருந்ததவிட நல்லா இருக்குமோ?”

“நீங்கதான் முன்ன பாத்ததே இல்லையே, அப்பா.”

“அதனாலதான் சந்தேகமா இருக்கு.”

உள்ளே போனோம். அப்பா சட்டைப் பையிலிருந்து பண உறையை எடுத்து, அந்தப் பெண்ணிடம் கொடுக்காமல், முதலாளியின் கையிலேயே கொடுத்தார். முதலாளி எண்ணினார். அப்பாவும் கூடவே உதடசைத்து எண்ணினார். பழுது பார்த்த கூலி, புது முத்திரை, புது ரப்பர் உறை, போக வர அனுப்பிய செலவு எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூற்று இருபது மலேசிய வெள்ளி.